ஆய்வில் விடுபட்ட முதுமை

நுழையும்முன்

மருந்துச் சீட்டில் எழுதப்படும் ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னும் ஓர் ஆய்வின் வரலாறு உண்டு. அம்மருந்தைத் தம் உடலில் ஏற்று, அதன் நன்மையையும் தீமையையும் உலகம் அறியத் துணைநின்ற மனிதர்கள் உண்டு. அவர்களுள் முதியோர் எத்தனை பேர்? மருந்துகளை மிகுதியாக உண்போர் முதியோராக இருக்க, அம்மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் அவர்கள் குறைவாகவே இடம்பெறுவது ஏன்? அதனால் நேர்ந்த விளைவுகள் யாவை? அந்நிலையை மாற்ற மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் எவை? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

உங்கள் வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பின், அவருடைய மாத்திரைப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒன்று, நீரிழிவுக்கு இரண்டு, மூட்டுவலிக்கு ஒன்று, உறக்கத்துக்கு ஒன்று எனப் பல நிறங்களில் மாத்திரைகள் அதில் இருக்கக்கூடும். அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்து, 'எழுபத்தெட்டு வயதுடைய ஒருவருக்கு, அதுவும் வேறு நான்கு மருந்துகளை உண்ணும் ஒருவருக்கு, இம்மருந்து இந்த அளவில் ஏற்றது என்பது எவ்வாறு அறியப்பட்டது?' என்று கேட்டுப்பாருங்கள். பல மருந்துகளைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குத் தெளிவான விடை கிடைப்பதில்லை. இளையோரிடமும் நடுவயதினரிடமும் கண்டறிந்ததை முதியோருக்கும் பொருந்தும் எனக் கொள்வதே நெடுங்காலமாக நடைமுறையில் இருந்து வருகிறது.

மருத்துவ ஆய்வின் தொடக்கம்

ஒரு மருந்து பயன் தருகிறதா என்பதை ஒருவரோ இருவரோ குணமடைந்ததைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது. சில நோய்கள் மருந்தின்றியும் தணியும். சில நோயாளிகள் பிறரைவிட வலிமை மிக்கவர்களாக இருப்பர். எனவே ஒத்த நிலையிலுள்ள நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவினருக்குப் புதிய மருந்தையும், மற்றொரு குழுவினருக்கு வழக்கமான மருத்துவத்தையோ மருந்துப் பொருளற்ற போலி மாத்திரையையோ அளித்து, இரு குழுக்களின் நிலையையும் ஒப்பிட்டு அறிகின்றனர். இதுவே மருத்துவ ஆய்வின் அடிப்படை.

இம்முறையின் முன்னோடியாகப் போற்றப்படுவது, பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1948ஆம் ஆண்டு வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு. காசநோயால் பாதிக்கப்பட்ட 107 பேர் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும் வழங்கப்பட்டன. மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனையாக அமைந்த இவ்வாய்வில் முப்பது வயதைக் கடந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஒரே தன்மையுடைய நோயாளிகளைத் தெரிவு செய்தால்தான் ஒப்பீடு தெளிவாக அமையும் என்பது அதற்கான காரணம். அக்காரணம் அறிவியல் நோக்கில் ஏற்கத்தக்கதே. ஆயினும், ஒப்பீட்டின் தெளிவுக்காக வரையப்பட்ட வயது எல்லை பிற்கால ஆய்வுகள் பலவற்றில் சிந்தனைக்கு உட்படாத வழக்கமாகவே நிலைத்துவிட்டது. நோயோ முதுமையில் மிகுதி. ஆய்வோ அறுபத்தைந்திலோ எழுபத்தைந்திலோ தன் கதவை அடைத்துக்கொண்டது.

முதுமையும் மருந்தும்

முதியவரின் உடல், இளைஞரின் உடல் வயதேறிய நிலை மட்டுமன்று. மருந்தைக் கையாளும் முறையிலேயே அது வேறுபடுகிறது.

நாம் உண்ணும் மருந்துகளுள் பல சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றன. நாற்பது வயதுக்குப் பின் பெரும்பாலோருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் சிறிது சிறிதாகக் குறைகிறது. அக்குறைவை எளிய இரத்தச் சோதனை காட்டிக்கொடுக்கும் என நாம் எண்ணலாம். ஆனால், அச்சோதனையில் அளவிடப்படும் கிரியாட்டினின் என்னும் பொருள் தசையிலிருந்து உண்டாவது. முதுமையில் தசை மெலிவதால் அப்பொருள் குறைவாகவே உண்டாகிறது. ஆகவே சிறுநீரகம் தளர்ந்திருந்தும் சோதனை முடிவு இயல்பானதுபோல் தோன்றக்கூடும். அந்நிலையில் வழக்கமான அளவில் தரப்படும் மருந்து உடலில் தேங்கி நஞ்சாக மாற வாய்ப்புண்டு.

வயது ஏறும்போது உடலில் நீரின் பங்கு குறைகிறது. கொழுப்பின் பங்கு கூடுகிறது. நீரில் கரையும் மருந்து குறைந்த நீரில் செறிவு மிகுந்து நிற்கிறது. கொழுப்பில் கரையும் மருந்து கொழுப்பில் தங்கி, நெடுநேரம் உடலைவிட்டு நீங்காதிருக்கிறது. மனப்பதற்றத்துக்குத் தரப்படும் டயசிபாம் இதற்குச் சான்று. உடலிலுள்ள அம்மருந்தின் அளவு பாதியாகக் குறைய இருபது வயதினருக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது. எண்பது வயதினருக்கோ ஏறத்தாழ 90 மணி நேரம் ஆகிறது. இரவில் உண்ட மாத்திரையின் மயக்கம் மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் தொடருமாயின், அது கால் தடுமாறி விழுவதற்கும் இடுப்பெலும்பு முறிவதற்கும் காரணமாகலாம்.

இவற்றோடு, ஒரே வேளையில் பல மருந்துகளை உண்ணும் நிலையும் சேர்கிறது. ஒரு மருந்து மற்றொன்றின் வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். இத்தகைய விளைவுகளை ஒரேயொரு நோயுடைய, ஒரேயொரு மருந்தை உண்ணும் நடுவயதினரிடம் ஆராய்ந்து அறிதல் எங்ஙனம் இயலும்?

ஒன்டாரியோ உணர்த்திய உண்மை

இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்கான ஸ்பைரோனோலாக்டோன் என்னும் மருந்தைப் பற்றிய ஆய்வு 1999ஆம் ஆண்டு வெளியானது. 1663 பேர் பங்கேற்ற அவ்வாய்வில், இம்மருந்து இறப்பு வாய்ப்பை 30 விழுக்காடு குறைத்தது. மருத்துவ உலகம் மகிழ்ச்சியோடு அதனை ஏற்றுக்கொண்டது. ஆய்வில் பங்கேற்றோரின் சராசரி வயது 65. சிறுநீரகம் மிகவும் தளர்ந்தோர் ஆய்வில் சேர்க்கப்படவில்லை. இம்மருந்து இரத்தத்திலுள்ள பொட்டாசியத்தின் அளவை உயர்த்தவல்லது. அவ்வளவு எல்லை மீறினால் இதயத்துடிப்பே நின்றுவிடக்கூடும். ஆதலின், பங்கேற்றோரின் இரத்தம் குறித்த கால இடைவெளியில் தவறாது சோதிக்கப்பட்டது.

ஆய்வுக்கூடத்தின் இக்கட்டுக்காவல் ஊர்தோறும் இருக்க வழியில்லை. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாநிலத்தில் நிகழ்ந்ததை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்து, அந்நோய்க்குரிய வேறு வகை மருந்தொன்றையும் உண்டுவந்த, 66 வயதும் அதற்கு மேலும் ஆன நோயாளிகளின் பதிவுகளை அது ஆராய்ந்தது. ஆய்வு முடிவு வெளியானபின் ஸ்பைரோனோலாக்டோனின் பயன்பாடு விரைந்து உயர்ந்தது. அதனுடன், பொட்டாசியம் மிகுதியால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோரின் எண்ணிக்கை 1994இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்து, 2001இல் ஆயிரத்துக்கு 11 ஆக உயர்ந்தது. அதனால் நேர்ந்த இறப்பு ஆயிரத்துக்கு 0.3 என்பதிலிருந்து 2 ஆக உயர்ந்தது.

இங்கு மருந்தைப் பழிப்பதில் பொருளில்லை. ஸ்காட்லாந்தின் டேசைடு பகுதியில் நடைபெற்று 2010ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இதே மருந்தின் பயன்பாடு பெருகியபோதும் கவனமான இரத்தச் சோதனையின் துணையால் இத்தகைய தீங்கு பெருகவில்லை எனக் காட்டியது. மருந்தை யாரிடம் சோதித்தோமோ அவர்களுக்கும், யாருக்கு வழங்குகிறோமோ அவர்களுக்கும் இடையிலுள்ள தொலைவே ஒன்டாரியோவில் துன்பமாக விளைந்தது. முதியோரையும் தளர்ந்தோரையும் காக்கும் எண்ணத்துடனேயே ஆய்வுகள் அவர்களை விலக்குகின்றன. ஆனால், அதே மருந்து கடைக்கு வந்தபின் அவர்கள் அதனை உண்கின்றனர். அப்போது உடனிருந்து கண்காணிப்பாரும் இல்லை. நேர்வதைக் குறித்துவைப்பாரும் இல்லை. ஆய்வுக்குள் விலக்கப்பட்டவர்கள் ஆய்வுக்கு வெளியே, தாம் அறியாமலேயே சோதிக்கப்படுகின்றனர்.

விடுபடுவதற்கான காரணங்கள்

முதியோர் ஆய்வில் விடுபடுவதற்கு வயது வரம்பு மட்டும் காரணமன்று. மேல்வயது வரம்பு இல்லாத ஆய்வுகளிலும் வேறு நிபந்தனைகள் அவர்களை வெளியே நிறுத்துகின்றன. பிற நோய் இருத்தலாகாது, பிற மருந்து உண்ணலாகாது, நினைவாற்றல் குன்றியிருத்தலாகாது என்பன அவற்றுள் சில. எண்பது வயதில் இம்மூன்றும் பொருந்தியவர் அரியவர்.

அடுத்து, நடைமுறைத் தடைகள். மாதந்தோறும் ஆய்வு மையத்துக்கு வரவேண்டும் எனில், பேருந்தில் ஏற இயலாதவர் என் செய்வார்? உடன்வர மகனோ மகளோ ஒரு நாள் ஊதியத்தை இழக்க நேரிடும். சிற்றெழுத்தில் அச்சிட்ட பத்துப் பக்க ஒப்புதல் படிவம் கண்பார்வை மங்கியவருக்கு எட்டாது. காது கேளாமையை அறியாமை எனக் கருதும் பிழையும் நேர்வதுண்டு. 'இந்த வயதில் இவருக்கு எதற்குத் தொல்லை?' என்று மருத்துவரோ குடும்பத்தாரோ அவரைக் கேளாமலேயே முடிவெடுத்துவிடுவதும் உண்டு. அன்பினால் பிறந்த சொல்லாயினும், அது முதியவரின் விடையைத் தானே சொல்லிவிடுகிறது.

எண்பதைக் கடந்தோர் அளித்த சான்று

எண்பது வயதைக் கடந்தோரின் உயர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கலாமா என்பது ஒருகாலத்தில் விடையறியா வினாவாக இருந்தது. அவ்வயதில் அழுத்தத்தைக் குறைத்தால் பக்கவாதம் குறையலாம்; ஆயின், இறப்பு கூடுமோ என்ற ஐயமும் மருத்துவரிடையே நிலவியது. முந்தைய ஆய்வுகளில் எண்பதைக் கடந்தோர் மிகச் சிலரே இருந்தமையால் ஐயம் தீரவில்லை.

அவ்வினாவுக்கு விடைகாணும்பொருட்டு, எண்பது வயதும் அதற்கு மேலும் ஆனோரை மட்டுமே கொண்டு ஹைவெட் என்னும் பன்னாட்டு ஆய்வு நடத்தப்பட்டது. 3845 பேர் அதில் பங்கேற்றனர். அவர்களுக்கு அழுத்தத்தை மட்டுமீறிக் குறைக்காமல், 150/80 என்னும் அளவே இலக்காகக் கொள்ளப்பட்டது. முடிவுகள் 2008ஆம் ஆண்டு வெளியாயின. மருந்து பெற்றோரிடையே இறப்பு 21 விழுக்காடும், இதயச் செயலிழப்பு 64 விழுக்காடும் குறைந்தன. நன்மை தெளிவாகத் தெரிந்தமையால் ஆய்வு குறித்த காலத்துக்கு முன்னரே நிறுத்தப்பட்டது. எனினும் இவ்வாய்விலும் மறதிநோய் உடையோரும், செவிலியர் பராமரிப்பில் வாழ்வோரும் இடம்பெறவில்லை என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஆய்வு எப்போதும் 'மருந்து தருக' என்றே கூறும் என்பதில்லை. 'மருந்தைத் தவிர்க்க' என்றும் கூறும். இதயநோயே இல்லாத முதியோரும் நாள்தோறும் சிறிதளவு ஆஸ்பிரின் உண்டால் நலமாக நெடுங்காலம் வாழலாம் என்னும் நம்பிக்கை பரவியிருந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நடைபெற்ற ஆஸ்பிரீ ஆய்வு, நலமாக வாழ்ந்த 19,114 முதியோரிடம் இந்நம்பிக்கையைச் சோதித்தது. அவர்களுள் பெரும்பாலோர் எழுபது வயதைக் கடந்தவர்கள். 2018ஆம் ஆண்டு வெளியான அதன் முடிவின்படி, ஆஸ்பிரின் அவர்களின் நலவாழ்வை நீட்டிக்கவில்லை, இரத்தக்கசிவை மிகுவித்தது. இவ்வாய்வு எதனை அளந்தது என்பதும் கருதத்தக்கது. உயிரோடு இருத்தலை மட்டுமன்றி, மறதிநோய் இன்றியும் உடல் முடங்காமலும் வாழும் காலத்தையே அது கணக்கிட்டது. முதியவர் ஒருவர் பெரிதும் விரும்புவது தம் வேலையைத் தாமே செய்துகொண்டு வாழ்வதையன்றோ? அவர் விருப்பத்தையே ஆய்வின் அளவுகோலாக்கியது அதன் சிறப்பு.

தெரிந்து தெளிவோம்

காசநோயாளிகளை இல்லத்திலேயே வைத்து மருந்தளித்தல் போதுமா, காசநோய் மருத்துவ விடுதியில் சேர்த்தல் இன்றியமையாததா என்னும் வினாவுக்கு விடைகண்ட ஆய்வு சென்னையில் நடைபெற்றது. 193 நோயாளிகள் பங்கேற்ற அவ்வாய்வின் முடிவு 1959ஆம் ஆண்டு வெளியானது. எளிய இல்லங்களில் வாழ்ந்துகொண்டே மருந்துண்டவர்களும் விடுதியில் தங்கியவர்களுக்கு இணையாகப் பயன்பெற்றனர் என அது மெய்ப்பித்தது. நோயாளியின் இல்லமும் ஆய்வுக்களமாகலாம் என்பதற்கு இது முன்னோடிச் சான்று.

கதவைத் திறக்கும் வழிகள்

மருந்து ஒழுங்குமுறைகளை நாடுகளிடையே இணக்கப்படுத்தும் பன்னாட்டு அமைப்பு, முதியோரை ஆய்வில் சேர்ப்பதற்கான வழிகாட்டுதலை 1993ஆம் ஆண்டு வகுத்தது. காரணமின்றி மேல்வயது வரம்பு விதித்தலாகாது, பிற நோயுடையோரைத் தேவையின்றி விலக்கலாகாது என்பன அதன் கருத்துகள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம், தன் நிதியுதவி பெறும் ஆய்வுகளில் எல்லா வயதினரும் இடம்பெற வேண்டும், எவரையேனும் விலக்கினால் தக்க காரணம் காட்டவேண்டும் என்னும் நெறியை 2019ஆம் ஆண்டு நடைமுறைப்படுத்தியது. 'இவரை ஏன் சேர்க்க வேண்டும்?' என்ற பழைய வினா, 'இவரை ஏன் விலக்குகிறீர்கள்?' என மாறியது.

விதி மட்டும் போதாது. வழியும் எளிதாதல் வேண்டும். கொரோனாப் பெருந்தொற்றின்போது பிரிட்டனில் 2020 மார்ச் மாதம் தொடங்கிய ரெகவரி ஆய்வு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதில் மேல்வயது வரம்பு இல்லை. நாடெங்கும் உள்ள மருத்துவமனைகளில், சேர்ந்திருந்த இடத்திலேயே நோயாளிகள் பங்கேற்றனர். நிரப்பவேண்டிய படிவங்கள் சுருக்கமாக இருந்தன. சில மாதங்களிலேயே, விலை குறைந்த டெக்சாமெத்தசோன் என்னும் பழைய மருந்து, செயற்கைச் சுவாசம் பெறுவோரின் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பதை அவ்வாய்வு கண்டறிந்தது. முதியோருக்கு இடமளித்தால் ஆய்வு தாமதமாகும் என்பது எப்போதும் உண்மையாவதில்லை என்பதை இது காட்டியது.

வீட்டுக்கே சென்று இரத்த மாதிரி எடுத்தல், போக்குவரத்துக்கு உதவுதல், பேரெழுத்தில் படிவம் அளித்தல், குடும்ப மருத்துவரின் வழியே அழைத்தல், ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கூறாமல் பொறுமையாகப் பலமுறை விளக்குதல் ஆகியன செலவு மிகுந்த செயல்களல்ல. ஆய்வைத் திட்டமிடும்போதே அவற்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

ஒப்புதலும் மதிப்பும்

முதியோரைச் சேர்த்தல் என்பது அவர்களை வற்புறுத்திச் சேர்த்தல் ஆகாது. ஆய்வின் நோக்கம், நன்மை, இடர் அனைத்தையும் அறிந்தபின், 'சேர்கிறேன்' என்று சொல்லவும், 'வேண்டாம்' என்று மறுக்கவும், இடையில் விலகவும் அவருக்கு உரிமை உண்டு. மறுத்தமையால் அவருக்குரிய வழக்கமான மருத்துவம் சிறிதும் குறைதலாகாது.

நம் குடும்பங்களில் மருத்துவர் கேட்கும் வினாவுக்கு மகனோ மகளோ விடை கூற, முதியவர் அருகில் அமைதியாக அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். ஆய்வுக்கான ஒப்புதலில் இவ்வழக்கம் பொருந்தாது. குடும்பத்தார் உடனிருந்து விளக்கலாம், முடிவு அவருடையது. படிக்க இயலாதவர்க்கு நடுநிலையான சாட்சி ஒருவர் முன்னிலையில் படிவம் படித்துக்காட்டப்படுதல் வேண்டும் என்பது நம் நாட்டின் நெறி. மறதிநோயால் முடிவெடுக்க இயலாதவர்க்குச் சட்டப்படி உரியவர் ஒப்புதல் தரலாம். அப்போதும், ஊசியைக் கண்டு அம்முதியவர் கையை இழுத்துக்கொள்வாராயின், அதனையும் ஒரு சொல்லாகவே மதித்தல் வேண்டும்.

நம் முன்னுள்ள பணி

2030ஆம் ஆண்டளவில் உலக மக்களுள் ஆறில் ஒருவர் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவராக இருப்பார் என உலக நலவாழ்வு அமைப்பு கணித்துள்ளது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978ஆம் ஆண்டிலேயே முதியோர் மருத்துவப் பிரிவைத் தொடங்கிய மருத்துவர் வ. செ. நடராசன், முதுமை தனிக்கவனம் வேண்டும் பருவம் என்பதை இந்திய மருத்துவ உலகுக்கு உணர்த்தினார். அக்கவனம் மருத்துவமனையோடு நின்றுவிடாமல் ஆய்வுக்கூடத்துக்கும் செல்லுதல் வேண்டும்.

இப்பாடத்தைப் படிக்கும் உங்களுள் சிலர் மருத்துவராகலாம். சிலர் செவிலியராகவோ மருந்தாளுநராகவோ புள்ளியியல் அறிஞராகவோ ஆகலாம். எத்துறைக்குச் சென்றாலும் நீங்கள் அனைவரும் ஒருநாள் முதுமையை எய்துவீர்கள். அன்று உங்கள் உள்ளங்கையில் வைக்கப்படும் மாத்திரை உங்களைப் போன்றவர்களிடம் சோதிக்கப்பட்டதா என்பது, இன்று நடைபெறும் ஆய்வுகளில் இடம்பெறும் முதியோரைப் பொறுத்தே அமையும். அதுவரை, மருத்துவமனைக்குச் செல்லும் தாத்தாவோடும் பாட்டியோடும் துணைக்குச் செல்லுங்கள். மாத்திரைகளின் பட்டியலை எழுதி எடுத்துச்செல்லுங்கள். மருத்துவர் வினவும்போது, அவர்களே விடை சொல்லும்வரை சற்றுக் காத்திருங்கள்.

கலைச்சொல் விளக்கம்

கட்டுப்பாட்டுக் குழு – புதிய மருந்து பெறாமல், ஒப்பீட்டுக்காக ஆய்வில் இடம்பெறும் குழு
போலி மாத்திரை – தோற்றத்தில் மருந்தைப் போன்று, மருந்துப் பொருள் இல்லாத மாத்திரை
குலுக்கல் முறை – எவர் எக்குழுவில் சேர்வார் என்பதை விருப்பு வெறுப்பின்றித் தற்செயலாக முடிவு செய்யும் முறை
அறிந்து அளிக்கும் ஒப்புதல் – நன்மையும் இடரும் முழுதும் அறிந்தபின் தரும் இசைவு

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவர் உண்ணும் மருந்துகளையும், உண்ணும் வேளைகளையும் அவர் இசைவுடன் பேரெழுத்தில் அட்டவணைப்படுத்தி அவரிடம் அளிக்க.
2. 'மருத்துவ ஆய்வுகளில் முதியோரைச் சேர்த்தல் – பாதுகாப்பா? இடரா?' என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1948ஆம் ஆண்டு வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு எந்நோய் தொடர்பானது?
அ) நீரிழிவு ஆ) காசநோய் இ) இதயச் செயலிழப்பு ஈ) மறதிநோய்

குறுவினா

1. முதியோரின் சிறுநீரகத் தளர்வைக் கிரியாட்டினின் சோதனை காட்டத் தவறுவது ஏன்?
2. ஆஸ்பிரீ ஆய்வு எதனை அளவுகோலாகக் கொண்டது?

சிறுவினா

1. 'ஆய்வுக்குள் விலக்கப்பட்டவர்கள் ஆய்வுக்கு வெளியே சோதிக்கப்படுகின்றனர்' – இத்தொடரை ஒன்டாரியோ நிகழ்வின்வழி விளக்குக.
2. ஒப்புதல் பெறுதலில் குடும்பத்தாரின் பங்கும் முதியவரின் உரிமையும் யாவை?

நெடுவினா

முதியோர் மருத்துவ ஆய்வுகளில் விடுபடுவதற்கான காரணங்களையும், அவர்களைச் சேர்ப்பதற்கான வழிமுறைகளையும் பாடப்பகுதியின் சான்றுகளோடு தொகுத்து எழுதுக.